லூசியம்மாள் வைத்த பெல்ட்

லூசியக்கா பெல்ட் வைக்கிறவள். தோல் பெல்ட் என்று நினைத்துவிட வேண்டாம். ஜீன்ஸ் பேண்டின் இடுப்பைச் சுற்றி ஓடுகிறதே ஒரு பட்டி, அதைத்தான் எங்கள் தாராவியின் தையல் கார்கானாக்களில் பெல்ட் என்போம். ஊரில் பாதிப் பேர் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். அதற்கு இடுப்பு வைத்தவள் ஒருத்தி இருப்பாள் என்று ஒருத்தருக்காவது நினைப்பு உண்டா? போகட்டும். நான் அந்தப் பட்டியின் மேல் வார் நுழைக்கிற லூப் வைக்கிறவள். என் பெயர் ஜெஸி. லூசியக்கா பெல்ட் வைத்துத் தள்ளுவதை வாங்கி லூப் குத்துவது என் வேலை. அவள் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் என் பாதி வயசு போயிற்று.

கார்கானாவில் இடுப்புக்கு நம்பர்தான். முப்பது, முப்பத்திரண்டு, முப்பத்துநாலு. யார் போடப்போகிறார்கள் என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் தேவையில்லை. ஆனால் வீட்டு ஆட்களுக்கு, தெரிந்தவர்களுக்கு என்று தைக்கும்போதுதான் அவள் கை வேறு மாதிரி ஆகும். எனக்கு ஒரு ஜீன்ஸ் தைத்துக்கொள்ள ஆசைப்பட்டு அவள் முன்னால் போய் நின்றேன். ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"நின்னு அளவு குடுக்காதட்டி. சோறு தின்னுட்டு வந்து உக்காரு. வயிறு நெறஞ்ச பொறவுதான் இடுப்பு நெசம் பேசும்" என்றாள்.

பெல்ட்டை ஒரே துண்டாக வெட்டமாட்டாள். முதுகுப் பக்கம் நடுவில் இணைப்பு விட்டு, அந்தத் தையலைக் கடைசிவரை போடாமல் வைத்திருப்பாள். மற்றதெல்லாம் ஓட்டித் தைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்வாள். உட்கார்ந்து எழும்பினால் முதுகுப் பக்கம் வாய் பிளக்கிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பாள். பிளந்தால் அந்த நடுவிலேயே பிடித்து, மேலே அகலமாகவும் கீழே ஒன்றுமில்லாமலும் எடுத்துவிடுவாள். அதற்கப்புறம்தான் கடைசித் தையல். ஆளுக்கு ஆள் அந்த நடுத்தையல் மாறும்.

அவள் வீட்டுக்காரர் சேசுராஜ் அண்ணனுக்கு இடுப்பு என்று ஒன்று இருந்ததா என்பதே சந்தேகம். அவ்வளவு ஒடிசல். குர்லா பக்கம் துணி பேக்கிங் செய்கிற கோடவுனில் வேலை. பேச்சு குறைவு. வெளியே இந்தியில் சமாளிப்பார், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இந்தியையும் கழற்றிவிடுவார். பிள்ளை குட்டி கிடையாது. கோடவுன் ஆட்கள் யாராவது வந்தால் லூசியக்கா மீன் குழம்பு வைப்பாள், அவர்கள் சாப்பிடுவதை அண்ணன் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவருக்கு அவள் ஒரு ஜீன்ஸ் தைத்தாள். ஒன்றே ஒன்றுதான். பெல்ட்டுக்கு உள்பக்கமும் டெனிம் வைத்தால் தடித்துப்போய் வயிற்றை அறுக்கும் என்று, தன் நைட்டி தைத்த மிச்சத் துணியை உள்ளே வைத்தாள். மஞ்சள் பூப்போட்ட துணி. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஆம்பள பேண்டுக்குள்ள நைட்டித் துணியாக்கா?"

"யாருட்டி பாக்கப் போறா? அவிய வயித்துக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அது போதும்."

அண்ணன் அதை வேலைக்குப் போட்டுக்கொண்டு போகமாட்டார். பையில் வைத்துக்கொண்டு போய், வேலை முடிந்த பிறகு மாற்றிக்கொள்வதாகச் சொல்வார். அப்படித்தான் அவள் நம்பினாள்.

முந்தின மழைக்கு முந்தின மழைக்காலத்தில், ரயிலெல்லாம் தவழ்ந்து போன ஒரு நாளில் அவர் வீடு திரும்பவில்லை. மறுநாளும் வரவில்லை, ஆளைக் காணோம் என்று போலீஸில் எழுதிக்கொடுத்தோம். அதற்கடுத்த நாள் ரயில்வே போலீஸ் கூப்பிட்டார்கள். சயான் தாண்டி லைனில் ஒரு உடல் கிடந்ததாம். நானும் அவள் கூடப் போனேன். முகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, கழுத்துக்குக் கீழே துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அதைப் பற்றி மேலே எழுதமாட்டேன். போட்டிருந்த ஜீன்ஸை ஒரு பிளாஸ்டிக் பையில் தனியாக வைத்திருந்தார்கள். போலீஸ்காரர் அதை மேசையில் கொட்டினார்.

லூசியக்கா உடலைப் பார்க்கவில்லை. ஜீன்ஸைத்தான் பார்த்தாள். எடுத்து இடுப்பை உள்வெளியாகத் திருப்பினாள். சேறும் ரத்தமும் போக, மஞ்சள் பூ தெரிந்தது.

"எங்க அவியதான்" என்றாள். அவ்வளவுதான், கையெழுத்துப் போட்டாயிற்று. ஆயுசு முழுக்க இடுப்பையே பார்த்தவள், புருஷனையும் இடுப்பில்தான் அடையாளம் கண்டாள்.

ஆனால் ஒன்று நடந்தது. பெல்ட்டின் முதுகுப் பக்கம், அந்த நடுத்தையல், இரண்டு விரல் அளவுக்கு விட்டுப் போயிருந்தது. அதற்குள் விரலை விட்டபடி ரொம்ப நேரம் நின்றாள்.

"என்னக்கா?"

"விட்டிருக்குட்டி."

"ரயில் அடிச்சதுல கிழிஞ்சிருக்கும். வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தேன். வந்துவிட்டாள்.

பெட்டிக்குள் அந்த ஜீன்ஸையும் மடித்து வைத்து அடக்கம் செய்தோம். கோடவுனிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். கல்லறை வாசலில் நின்று பீடி குடித்துக்கொண்டு, 'ஒருத்தன் செத்தான், ஒருத்தன் ஓடிட்டான், இனி ஆளுக்கு எங்கே போறது' என்று இந்தியில் பேசிக்கொண்டார்கள். அடக்கத்துக்கு வந்த இடத்தில் பேசுகிற பேச்சா இது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, நன்றாகக் கேட்டுவிட்டேன். ஆனால் ஓடினவன் யார் என்று கேட்கத் தோன்றவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரம். கார்கானாவில் மதியம் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னாள்.

"ஏட்டி, அவிய வந்தாவ."

"யாரு?"

"அவியதாம்ட்டி. வீட்டு மேல்தட்டுல உக்காந்து தைச்சிட்டிருந்தேன். ஏணிக்குக் கீழ நிக்காவ. தலையெல்லாம் நனைஞ்சிருக்கு, முகம் தெரியல. வயித்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவுல ரெண்டு விரல விட்டு இழுத்துக்கிட்டு நிக்காவ."

"என்ன சொன்னாவ?"

"டைட் ஹோ ரஹா ஹைன்னாவ."

சோறு புரையேறிவிட்டது எனக்கு. இறுக்குகிறதாம். அதைத் தமிழில் சொல்ல வாய் இல்லையா? "செத்து ஒரு மாசத்துலேயே இந்தி பேச ஆரம்பிச்சிட்டாவளா அண்ணன்?" என்றேன். அவளும் சிரித்துவிட்டாள். "பம்பாய்ல செத்தா வேற என்னத்தப் பேசுவாவ" என்றாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

எனக்குப் பேய், பிசாசிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. தனிக்கட்டைக்கு வருகிற மயக்கம் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் அவள் வீட்டுக்கு நூல்கண்டு வாங்கப் போயிருந்தேன். பட்டப்பகல். எங்கள் வீடுகளெல்லாம் கீழே ஒரு அறை, மேலே ஒரு தட்டு, நடுவில் இரும்பு ஏணி. மேல்தட்டில் இருவரும் உட்கார்ந்திருக்கும்போது கரண்டு போயிற்று. ஃபேன் நின்று, மெஷின் நின்று, எல்லாம் அடங்கியது. அப்போது கீழே, ஏணிக்குப் பக்கத்தில், பட்டன் ஜிப்பில் இடிக்கிற சத்தம் கேட்டது. ஜீன்ஸ் பட்டன் சத்தம் எனக்குத் தெரியாதா? டிக். கொஞ்சம் விட்டு மறுபடியும் டிக். பட்டனைப் போட முயன்று, எட்டாமல் விட்டுவிட்டு, மறுபடி முயல்கிற சத்தம்.

லூசியக்கா என்னைப் பார்த்தாள். "கேட்டியா?"

"எலி" என்றேன்.

"எலி பட்டன் போடுமாட்டி?"

 கரண்டு வருகிறவரை நான் கீழே இறங்கவில்லை. பயந்தேன், அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அவள் ஒரு புது ஜீன்ஸ் தைத்தாள். சேசுராஜ் அண்ணனின் அளவு, அதற்கு மேல் ஒரு விரல் தளர்த்தி. உள்ளே அதே மஞ்சள் பூத்துணி. எல்லோரும் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்தார்கள், இவள் மட்டும் சிலுவைக்குக் கீழே ஜீன்ஸை மடித்து வைத்தாள். சாயங்காலத்துக்குள் அது காணாமல் போயிற்று. எவனோ புண்ணியவான் போட்டுக்கொண்டு திரிகிறான். ஆனால் ஏணிக்குக் கீழே நிற்கிறவர் போகவில்லை. அதே இரண்டு விரல், அதே சொல். அடுத்த வருஷம் இரண்டு விரல் தளர்த்தித் தைத்தாள். அதற்கும் இறுக்குகிறதாம்.

"செத்தவருக்கு எதுக்குக்கா இடுப்பு? சவத்த விடுங்க" என்று ஒருநாள் கத்தினேன்.

"என் பெல்ட்டு இறுக்கிச்சுன்னு ஒருத்தர் சொன்னா என்னால இருக்க முடியாதுட்டி" என்றாள். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பாதரிடம் சொல்லிப் பூசை வைத்தாயிற்று, வீட்டை மந்திரித்தாயிற்று. ஒன்றுக்கும் அசையவில்லை.

அந்த நினைப்பு அவள் கைக்குள் போயிற்று. கார்கானாவில் அவள் வைத்த பெல்ட்டெல்லாம் தானாகத் தளர ஆரம்பித்தது. முப்பத்திரண்டு என்று போனது முப்பத்துநாலாகத் திரும்பி வந்தது. நான் லூப் குத்தும்போதே கையில் தெரியும், துணி சும்மா தொளதொளவென்று கிடக்கும். இரண்டு மூன்று தடவை நானே பிரித்துக் கொடுத்தேன். ஒரு லாட் முழுக்கத் திரும்பி வந்ததும் எங்கள் கார்கானாக்காரர் பிரம்மநாயகம் அண்ணாச்சி பொறுக்கவில்லை. "கோட்டி புடிச்சவளை வச்சிக்கிட்டு நான் கடையை மூடவா?" என்றார். நல்ல மனுஷன்தான், ஆனால் சொல்லிவிட்டார். லூசியக்கா கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

கோயிலுக்குப் பின்னால் உள்ள ஹாலில் பெண்களுக்கு மதியத்தில் தையல் வகுப்பு நடந்தது. தன் ஜீன்ஸைத் தானே தைத்துக்கொள்ளும் வகுப்பு. பெல்ட் வைக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். நான்தான் லூசியக்காவைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டேன், வேலை இல்லாத நாட்களில் கூடவே உட்கார்ந்தும் இருப்பேன். நாலு பேர் நடுவில் இருந்தால் தெளிவாள் என்று நினைத்தேன்.

அங்கே ஹபீபா என்று ஒருத்தி வந்தாள். என் வயசுதான் இருக்கும். கோவண்டியில் இருந்தவள், வாடகை கட்ட முடியாமல் தாராவியில் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். புருஷன் ஓடிவிட்டானாம். அதை அவள் சொல்லவில்லை, அவளைத் தெரிந்த ஒருத்தி வந்த முதல் நாளே எல்லோர் காதிலும் ஓதிவிட்டாள். பர்தாவுக்குள் போட்டுக்கொள்ள ஜீன்ஸ் தைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு ஹபீபா சிரித்தாள். "உள்ளே என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" அவள் பேசியதெல்லாம் இந்தி. நான் தமிழில் சொல்கிறேன்.

பெல்ட் வைக்கிற நாள் வந்தது. உள்பக்கத்துக்கு மெல்லிய துணி வேண்டும் என்று லூசியக்கா தன்னிடம் மிச்சம் இருந்த துணிகளைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினாள். ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளச் சொன்னாள். ஹபீபா அந்த மஞ்சள் பூத்துணியை எடுத்தாள். எடுத்தவள் வெட்டவில்லை, கீழே வைக்கவும் இல்லை.

"இந்தத் துணி எங்கே வாங்கினீங்க?" என்றாள்.

"என் நைட்டித் துணி. ஏன்?"

"என் வீட்டுக்காரர் பேண்டுக்குள்ளே இது இருந்தது. அவர்கூட வேலை பார்த்த ஒரு தமிழ்க்காரர் கொடுத்தது. எனக்கு இனி இது வேண்டாம், நீ வச்சுக்கோன்னு கொடுத்திருக்கார். அவர் சம்சாரம் கையால் தைச்சதாம்."

லூசியக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். 

"உங்க வீட்டுக்காரர் பேரு?" என்று நான்தான் கேட்டேன்.

"அல்தாப். அந்தத் தமிழ்க்காரர் வீட்டுக்கு இரண்டு தடவை போய் மீன் குழம்பு சாப்பிட்டிருக்கார். வந்து ஒரு வாரம் அதையே பேசுவார்." அவள் துணியைத் தடவிக்கொண்டே சொன்னாள். "போன அன்னைக்கு அந்தப் பேண்டைத்தான் போட்டிருந்தார். வயிறு பெரிசு, பட்டன் எட்டவே இல்லை. விடுங்கன்னா கேட்கலை. பின்னாடி நான்தான் பிளேடால் தையலைக் கொஞ்சம் அறுத்துவிட்டேன். அப்படியும் இறுக்கத்தான் செய்தது. பாபிகிட்டச் சொல்லி லூஸ் பண்ணிக்கிறேன்னு சொல்லிட்டுப் போனார். போனவர்தான்."

பாபி என்றால் அண்ணி. சிநேகிதனின் மனைவியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

லூசியக்கா கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்தாள்.  "அவருக்கு இடுப்பு எத்தனை?"

"நம்பர் எனக்குத் தெரியாது."

"கட்டிப் பிடிச்சா உங்க கை எதுவரைக்கும் வரும்?"

ஹபீபா அவளை விநோதமாகப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் முன்னால் நீட்டி வளைத்தாள். விரல்கள் ஒன்றையொன்று தொடவில்லை, நடுவில் ஒரு சாண் இடைவெளி நின்றது. லூசியக்கா டேப்பை அந்தக் கைகளுக்கு உள்ளே, யாரும் இல்லாத அந்த இடத்தைச் சுற்றி, ஓட்டி அளந்தாள். இடைவெளியையும் சேர்த்து அளந்தாள்.

"அவர் ஓடலை, ஹபீபா. என் வீட்டுக்காரர் பேர் எழுதின கல்லறையில படுத்திருக்கார்" என்று இந்தியில் சொன்னாள்.

ஹபீபாவின் கை வளைந்தபடியே நின்றது. அதை இறக்கி மடியில் வைத்தது நான்தான். அவள் அழுதாள், சத்தம் போட்டு அழுதாள். "ஓடலை, ஓடலை" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அதில் துக்கம் எவ்வளவு, ஆறுதல் எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.

அவளை வீட்டில் விட்டுத் திரும்பும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. லூசியக்காவைச் சாலையிலேயே நிறுத்தினேன்.

"நெசத்தச் சொல்லுங்க. எப்பத்துல இருந்து தெரியும்?"

"பிளேடு வெட்டுக்கும் கிழிசலுக்கும் வித்தியாசம் தெரியாதாட்டி எனக்கு? அந்தப் போலீஸ் மேசையிலேயே விரலுக்குத் தெரிஞ்சிது. மனசு ஒத்துக்கல." டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "வந்து நிக்கும்போது 'டைட் ஹோ ரஹா ஹை'ன்னு மட்டும் சொல்லலட்டி. ஒவ்வொரு தடவையும் கடைசில பாபின்னு கூப்பிட்டாரு. அத உங்கிட்டச் சொல்லல. எந்தப் புருசன் பொண்டாட்டிய அண்ணிம்பான்?"

"அப்பவாவது சொல்லியிருக்கலாம்லா? அந்தப் பிள்ளையப் பாத்து ஊரே சிரிச்சிருக்கு, ரெண்டு வருசம். புருசன் ஓடிட்டான்னு."

"ஆமா" என்றாள். "எனக்கு வரவேண்டிய சிரிப்பு. அவ வாங்கிக்கிட்டா."

எனக்கு அவளை அறையவேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது.

"ரயில்ல அடிபட்டுச் செத்தாவன்னா நாலு பேரு கூட இருந்து அழுவாவ. கறுப்புச் சேலை கட்டலாம், பூசை வைக்கலாம். பொண்டாட்டி தைச்சுக் குடுத்ததக்கூட வேண்டாம்னு குடுத்துட்டுப் போயிட்டாவன்னா என்னட்டி செய்ய? ஒரு சண்ட கூட கிடையாதே எங்களுக்குள்ள. என்ன கொற வச்சேன்னுகூடத் தெரியலயே." அப்போதுதான் அழுதாள்.

ஹபீபா கை காட்டிய அளவுக்கு லூசியக்கா கடைசியாக ஒரு ஜீன்ஸ் தைத்தாள். நடுத்தையலை ஹபீபாவையே போடச் சொன்னாள். மூன்று பேரும் போய் அதைக் கல்லறையில் வைத்தோம். ஹபீபா கை ஏந்தி வேண்டினாள், நாங்கள் பின்னால் நின்றோம். போலீஸுக்கும் பாதருக்கும் எல்லாவற்றையும் சொல்லியாயிற்று. பம்பாயில் கல்லறை யாருக்கும் சொந்தமில்லை, கொஞ்ச காலத்தில் குழியைத் திறந்து எலும்பை எடுத்துவிடுவார்கள். எடுக்கும்போது பரிசோதனை செய்து, ஹபீபாவிடம் கொடுக்கலாம் என்றார்கள். கிளம்புமுன் லூசியக்கா பையிலிருந்து பிளேடை எடுத்து, சிலுவையில் எழுதியிருந்த சேசுராஜ் என்ற பெயரைச் சுரண்டி எடுத்தாள்.

போன வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். கதவு அகலத் திறந்து கிடந்தது. இந்தச் சந்தில் யாரும் அப்படித் திறந்து போடமாட்டார்கள். அவள் மேலே இல்லை, ஏணிக்குக் கீழே, அவர் வந்து நிற்பாரே அதே இடத்தில், தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"இப்பவும் வாராரா?" என்று கேட்டேன்.

"இல்லட்டி. அன்னைக்குப் பொறவு வரல. சரியாப் பொருந்திட்டுதுபோல" என்றாள். அவள் முகத்தில் நிம்மதியைத் தேடினேன். இல்லை. அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லதாப் போச்சு. கதவைச் சாத்துங்க, எலி வரும்."

"செத்தவிய வந்தாவ, ஜெஸி. உசுரோட இருக்கவிய எப்படிட்டி வருவாவ?"

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கதவைச் சாத்தவில்லை.